அகத்தி இலை மடக்கிய கதை

அந்தக் காலத்தில், மரமும் கொடியும் மனுசரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அகத்திக்குத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது.

ஒச்சாயி என்றொருத்தி ஆற்றங்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தாள். வெற்றிலைக்கு வெயில் ஆகாது. அதனால் அகத்தியை வளர்த்து, அதன் காலடியில் கொடியை நட்டு, மரத்தின் மேலே ஏற்றிவிடுவார்கள். கொடிக்கு நிழல் தருவதுதான் அகத்திக்கு வேலை.

இந்த அகத்தி பாவம். முதலில் நட்ட கொடியை அதனால் காப்பாற்ற முடியவில்லை. அப்போது அது சின்னக் கன்று. பேருக்கு நாலு இலைதான் இருந்தது. கொடி கண்ணெதிரே கருகிச் செத்தது. இரண்டாவது கொடி வந்த அன்று, "இவளை வெயில் தொட விடமாட்டேன்" என்று விரித்த இலையை அகத்தி அதன்பிறகு மூடவே இல்லை. பொழுது சாய்ந்தாலும் விரித்தபடியே நிற்கும்.

காக்கைக்குச் சும்மா இருக்க முடியுமா? "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம்! வெயில் எங்கடி இருக்கு இப்போ?" என்று கேலி பேசியது.

"சூரியன் சொல்லிட்டா வருவான்? நான் அசந்த நேரத்துல வந்துட்டா?" என்றது அகத்தி.

பங்குனி பிறந்தது. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. எத்தனை நாள்தான் உடம்பு தாங்கும்? ஒருநாள் உச்சி வேளையில் அகத்திக்குக் கண் சொருகிவிட்டது. இலையெல்லாம் துவண்டு தொங்கின. திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால், கொடியின் கொழுந்து கருகி, பாதி இலை காய்ந்து கிடந்தது. "ஐயோ, மறுபடியுமா!" என்று அகத்தி கதறியது.

பொழுது சாயும் நேரம் ஒச்சாயி அரிவாளோடு வந்தாள்.

"நிழல் குடுக்காத மரம் எனக்கெதுக்கு? ஒரு கொடியத் தின்னது பத்தலையா?" என்று அரிவாளை ஓங்கினாள்.

"வெட்டாத ஆத்தா!" என்றது கொடி. "அக்கா சோம்பேறி இல்ல. ராப்பகலா எனக்காக முழிச்சிருந்தா. அதான் உச்சி வெயில்ல அசந்துட்டா."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. "அடி கூறுகெட்டவளே!" என்றாள் ஒச்சாயி அகத்தியைப் பார்த்து. "நானும்தான் விடிஞ்சதுலருந்து தண்ணி இறைக்கிறேன். இன்னும் நாலு பாத்தி கெடக்கு. பொழுது போச்சுன்னா வீட்டுக்குப் போறேன்ல? வேலை என்னைக்குத் தீந்திருக்கு?"

அகத்தி கேட்கவில்லை. "இன்னைக்கு நான் மூடினா இவ செத்துருவா" என்று அழுதது.

இத்தனை நாளும் சொல்லத் தயங்கியதைக் கொடி அப்போதுதான் சொன்னது. "அக்கா, கோவிச்சுக்காத. நீ விரிச்சே வச்சிருக்கிறதால எம்மேல பனியே விழல. ஒருநாள்கூட நான் பனி குடிச்சதில்ல. நீ படுற பாட்டைப் பாத்துட்டு வாயத் தொறக்கல. தாகமா இருக்கு அக்கா. கொஞ்சம் மூடேன்."

அகத்திக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. யாருக்காக இத்தனை பாடுபட்டதோ அவளையே தவிக்க விட்டிருக்கிறதே! ஒவ்வொரு சோடி இலையாக மடக்கியது. கடைசிச் சோடி மடங்குவதற்குள் தூங்கியும் போனது. ஒச்சாயி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

விடிந்தபோது கொடியெல்லாம் பனித்துளி. கருகிய நுனிக்குக் கீழே, கணுவில் புதுக் கொழுந்து ஒன்று எட்டிப் பார்த்தது. சூரியன் வருவதற்கு முன்பே அகத்தி எழுந்து, தெம்பாக இலையை விரித்திருந்தது.

அன்று முதல்தான், பொழுது சாய்ந்தால் அகத்தி இலையை மடக்கிக்கொள்கிறது. விளக்கு வைத்த பிறகு யாராவது கீரை ஒடிக்கக் கை நீட்டினால், "தூங்குற மரத்தத் தொடாத, விடிஞ்சா அது நிழல் குடுக்கணும்" என்று பெரியவர்கள் கையைத் தட்டிவிடுவதும் அன்று முதல்தான்.