மேனேஜர் வீட்டு மாற்றுச் சாவி

இது வேன் டிரைவர் சென்னியப்பண்ணன் சொல்லி நான் கேட்டது.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மேனேஜர் சிதம்பரநாதன், கம்ப்யூட்டர் வேலை பார்த்த கோகிலவாணி அக்காவை மிரட்டினாராம்.

"ஆபீஸே வெள்ளத்துல முழுகினாலும் ஃபைல் அழியக்கூடாது. ஒரு ஃபைலும் ஆபீஸை விட்டு வெளியவும் போகக்கூடாது. இன்டர்நெட்டுல ஏத்தி வைக்கிறேன், கிளவுடு, கிளவுடுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க சார். உங்க வீட்டு மாத்துச் சாவி எங்கீங்க இருக்குது?"

"தங்கச்சி வீட்டுல."

"உங்க வீட்டுக்குள்ளயே பத்திரமா வைக்கலாமுங்களே?"

"கைச்சாவி தொலைஞ்சா, பூட்டின வீட்டுக்குள்ள இருக்கிற சாவி எதுக்கும்மா ஆகும்?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "சரி, கிளவுடுலயே ஏத்து" என்றாராம்.

அந்த ஐப்பசி வெள்ளத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் முழுகின.

அக்கா நல்லா இருக்கணும். அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் நானே தேடிப் பார்த்தேன்: கிளவுடில் பிழைத்த ஃபைல்களில், வெள்ளத்துக்கு முன்னால் நான் அனுப்பியிருந்த வேலை விண்ணப்பமும் இருந்தது.