முதலில் பேசுகிறவர்

"நான் என்ன சொன்னாலும் 'ஆமாம் சார்'. காபியில உப்புப் போட்டிருக்குன்னு சொன்னாலும் 'ஆமாம் சார்'. அவ்வளவு பெரிய லேப்ல என்கூடப் பேச ஒரு ஆள் இல்லை!"

டாக்டர் குலசேகரன் வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சித் துறைக்கே தலைவர். பெரிய மனிதர்களுக்குப் புலம்பலைக்கூடச் சுருக்கமாக முடிக்கத் தெரிவதில்லை.

"கத்தாதீங்க சார். பக்கத்து ரூம்ல ரத்தம் எடுக்கிறாங்க," என்றாள் சலேத் மேரி. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரு காலத்தில் அவருடைய மாணவி. இப்போது சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரியில், திசுக்களைப் பார்த்து நோய் சொல்கிற டாக்டர். அவளைத் தேடித்தான் அவர் இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருந்தார்.

"திங்கட்கிழமை முதல் நோயாளிக்கு மருந்து ஏத்தறோம். ஈரல் கெட்டுப்போன ஒரு லாரி டிரைவர். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததுல ஈரல் தழும்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு."

"உங்க லேப் பசங்க பார்த்தாங்களா?"

"எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துதான் பார்த்தோம்."

"அந்த, அஞ்சு பேர் ஒரே நேரத்துல குனிஞ்சு பார்க்கிற மைக்ராஸ்கோப்லயா?"

"ஆமா."

"யார் முதல்ல பேசினது?"

"நான்தான். பின்னே?"

"அப்போ ஒரே ஆள்தான் பார்த்திருக்கார்."

அவருக்குச் சுருக்கென்றது. "அன்னிலேருந்து உனக்கு வாய் மட்டும் குறையலை."

"அந்த வாயை ஒருநாள் நீங்க பேசறதுக்கு முன்னாடி திறந்தேன். அப்புறம் எனக்கு அங்க நாற்காலி இல்லை."

"எப்போ?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அவள் கையை நீட்டினாள்.

எலிகளின் ஈரல் திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகள் இருந்த பெட்டியைக் கொடுத்தார். அவள் இரண்டை எடுத்தாள். திரும்பி நின்று, எந்த எலி என்று எழுதிய ஓரத்தின் மேல் பிளாஸ்திரியை ஒட்டினாள். சீட்டைக் கலைப்பதுபோல் மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஒண்ணு மருந்து வாங்கின எலி. ஒண்ணு வாங்காதது. எது எது?"

"எனக்கேவா? முதல் வருஷப் பரீட்சையா இது?"

"பாருங்க."

குனிந்தார். பார்த்தார். மாற்றிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்தது.

"மேரி, அந்தப் பிளாஸ்திரியை எடும்மா. எது எதுன்னு தெரிஞ்சா வித்தியாசத்தை அப்படியே காட்டிடுவேன்."

சொன்ன பிறகுதான், சொன்னது அவர் காதில் விழுந்தது.

அவள் பிளாஸ்திரியை எடுக்கவில்லை.

நிமிர்ந்து, "சரி, நீயே சொல்லு. உன்னை நம்பறேன்," என்றார்.

"நான் சொன்னா, நாளையிலேருந்து நீங்க 'ஆமாம் மேரி'ன்னு சொல்வீங்க. அங்க நாலு பேர் இருக்காங்க சார். நாலு பேருக்கும் நல்ல கண்ணு. போய்க் கேளுங்க."

பெட்டியை மூடி அவர் கையில் வைத்தாள். வெளியே காத்திருந்த அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை தன் லேப்பில் அந்த நான்கு பேரையும் மைக்ராஸ்கோப்பைச் சுற்றி உட்கார வைத்தார். பிளாஸ்திரி ஒட்டிய ஸ்லைடை வைத்தார். தான் குனியவில்லை.

நான்கு பேரும் பார்த்தார்கள். பிறகு நான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீங்க பார்க்கலையா சார்?" என்றான் மூத்தவன்.

"பார்த்துட்டேன். எனக்குத் தெரியலை."

நான்கு பேரும் சிரித்தார்கள். தலைவர் சொன்னால் அது நகைச்சுவையாகத்தான் இருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

"நிஜமாத்தான் கேக்கறேன். என்ன தெரியுது?"

ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள். கண்ணாடி வில்லையில் கண்ணை வைத்துவிட்டால் முகம் தெரியாது.

குனிந்த தலைகளின் நடுவே அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏ.சி. இரைந்தது.

"மேல வார்டுல அந்த டிரைவர் நம்மளை நம்பிப் படுத்திருக்கார். இந்த எலி நம்ம மருந்தை வாங்கினதா, வாங்காததா? தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை. யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா."