அரக்கு முத்திரைக்குள் பதினாறு படங்கள்

“தொழில் தெரிஞ்ச யாருக்கும் தோணுற விசயம்தானாம், சாமி. காப்புரிமை மனுவ ரெண்டாவது தடவையும் தள்ளிட்டாங்க. திங்கக்கிழமை கடைசி மேல்முறையீடு. அதுவும் போச்சுன்னா நான் இருந்து என்ன?” என்றார் வீரபாகு.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. ரேடியோ ரிப்பேர் செய்த கை, பதினோரு வருடமாகக் காப்புரிமை மனுக்களைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மனுஷன் அலைந்தே ஓய்ந்துபோயிருந்தார்.

குன்றின் மேல் மடம் வைத்திருந்த சாமிக்கு முப்பதுகூட இருக்காது.

வீரபாகுவுக்குப் பக்கத்தில் அவர் மனைவி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். பக்கவாதத்தில் பேச்சு போனவள். சாமி “வாங்கம்மா” என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

“அப்படி என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார் சாமி.

“கையில பிடிக்கிற தொடுதிரைப் பலகை. திரையில பதினாறு படம் வரும். இவ ஒண்ணத் தொட்டா அது பேசும். தண்ணி வேணும், வலிக்குது, இந்த மாதிரி. இவளுக்காகவே செஞ்சது, சாமி. செஞ்ச புதுசுல கொஞ்ச நாள் இதுலதான் பேசினா.”

“காட்டுங்க.”

வீரபாகு துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதன் மேல் சிவப்பு அரக்கு முத்திரை இருந்தது.

“திறக்கக் கூடாது. இருக்கிறது இது ஒண்ணுதான். வக்கீல் தேதி போட்டு முத்திரை வச்சது. உடைச்சா சாட்சி போச்சு, கேசும் போச்சு.”

“எத்தனை வருசமா?”

“பதினொண்ணு.”

“அப்ப அம்மா எதுல பேசுறாங்க?”

எந்த வக்கீலும் கேட்காத கேள்வி.

சாமி தரையைக் காட்டினார். செண்பகவல்லியின் இடது கை விரல், கல் தரையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது.

“அது எந்தப் படம்?”

வீரபாகு யோசித்தார். மனுவின் பதினேழு பக்கமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். படங்களின் வரிசை மட்டும் மறந்துபோயிருந்தது.

“திறந்து பாத்தாத்தான் தெரியும்.”

விரல் மறுபடியும் அழுத்தியது.

வீரபாகு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அரக்கை நகத்தால் பெயர்த்தார். உறையைக் கிழித்துப் பலகையை அவள் மடியில் வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

பேட்டரி எப்போதோ செத்திருந்தது. வழக்கும் போயிற்று, படமும் வரவில்லை.

செண்பகவல்லி அந்தக் கறுத்த கண்ணாடியிலும் அதே இடத்தைத்தான் அழுத்தினாள்.

வீரபாகு வாய்விட்டு அழுதார்.

“இவளுக்கு என்னதான் வேணும், சாமி? நீங்களாவது சொல்லுங்களேன்.”

“எங்கிட்ட எதுக்கு ஐயா கேக்கீங்க?” என்றார் சாமி. “அம்மா உங்க மொகத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்களக் கேளுங்க.”