கௌதாரி வீட்டு வாசலில் நாலு முளை

கரட்டுக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு காட்டுப்பன்றியும், ஒரு புள்ளிமானும், ஒரு முயலும், ஒரு கௌதாரியும் குடியிருந்தன. காட்டைத் தாண்டினால் வெட்டவெளி. அதற்கு அப்பால் குளம். தண்ணீருக்குப் போய்வர ஆளுக்கொரு தடம். முதலில் பன்றியின் தடம், அடுத்து மானுடையது, அதற்கடுத்து முயலுடையது. கடைசியில் கௌதாரியின் தடம், அதன் வாயிலேயே அதன் புதர். அதையும் தாண்டி ஒரு மொட்டைப் பாறை. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

ஒரு நாள் காலையில் முயல் தன் தடத்தின் வாயில் நின்று மோப்பம் பிடித்தது. மனித வாடை! சட்டென்று புல்லுக்குள் பதுங்கிக்கொண்டது.

வேட்டை மேஸ்திரி ஒச்சப்பன் வந்து கொண்டிருந்தார். கூட ஓர் ஆள். நாலு தடத்தின் வாயிலும் ஒவ்வொரு முளை அடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டினார்கள்.

"இது எதுக்கு மேஸ்திரி?" என்று கேட்டான் ஆள்.

"நாளைக்குக் காலையில பட்டணத்திலிருந்து நாலு பேர் துப்பாக்கியோட வர்றாங்க. முளைக்கு ஒருத்தர் நிக்கணும். நாம மேற்கே இருந்து தகரம் தட்டிக்கிட்டு வருவோம். உள்ளே இருக்கிறதெல்லாம் பயந்து இந்தப் பக்கம்தானே ஓடி வரும்!"

"அவங்க இடத்தை விட்டு நகர்ந்துட்டா?"

"நகரவே கூடாது! நகர்ந்தா ஒருத்தர் குண்டு இன்னொருத்தர் மேல பாயும். முளை எங்கேயோ, ஆள் அங்கே. அவ்வளவுதான்."

முயல் புல்லை விட்டு வெளியே பாய்ந்தது. விழுந்தடித்து ஓடிப் பன்றியையும் மானையும் கூட்டியது. கௌதாரி மட்டும் வரவில்லை. அதன் ஆறு குஞ்சுகளும் முட்டையை விட்டு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவற்றை விட்டுவிட்டு எப்படி வரும்?

"முளையையெல்லாம் பிடுங்கிக் குளத்தில் வீசிடறேன்!" என்று உறுமியது பன்றி.

"ஐயோ, வேண்டாம் பன்றியண்ணே!" என்றது முயல். "காணலைன்னா வேற முளை அடிச்சிடுவாங்க. எண்ணிக்கை குறையக் கூடாது. நாலையும் கொண்டுபோய் மொட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம் நட்டுடுவோம். நாலு துப்பாக்கியும் அங்கே போய் நிக்கட்டும். நாம நம்ம தடத்திலே நிம்மதியா ஓடிடலாம்."

"அடேயப்பா! உன் மண்டைக்குள்ளே இவ்வளவா!" என்று மான் மெச்சியது. முயலுக்குத் தலைகால் புரியவில்லை.

மேஸ்திரியும் ஆளும் சாப்பிடப் போன நேரம். பன்றி தன் முளையை மூக்கால் நெம்பி எடுத்தது. வாயில் கவ்விக்கொண்டு மானின் தடம் வரை போனது. வெயில் சுட்டது. "இதுக்கு மேலே மான் கொண்டுபோகும். என் பங்கு முடிஞ்சுது" என்று சொல்லி, முளையை அங்கேயே ஊன்றிவிட்டுச் சேற்றுக்குள் போய்ப் படுத்துவிட்டது.

மான் வந்து பார்த்தது. இரண்டு முளை! முனகிக்கொண்டே இரண்டையும் முயலின் தடத்துக்குக் கொண்டுபோய் ஊன்றியது. "யோசனை சொன்னது முயல்தானே? மிச்சத்தை அதுவே பார்த்துக்கட்டும்" என்று துள்ளிப் போய்விட்டது.

இப்போது முயலின் வாசலில் மூன்று முளை. பாவம், அதன் பல்லுக்கு இது பெரிய வேலைதான். ஒவ்வொன்றையும் சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்து, குழி பறித்து, மூன்றையும் கௌதாரியின் புதரடியில், கிழக்குப் பக்கம் நட்டு முடிப்பதற்குள் அதற்கு நாக்குத் தள்ளிவிட்டது. கௌதாரிக்கென்று அடித்த முளை அங்கே ஏற்கெனவே இருந்தது. ஆக நாலு. மொட்டைப் பாறைக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம்தான்.

கௌதாரி புதருக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "என்ன தம்பி இது? காலையில ஒண்ணுதானே இருந்துது?"

முயல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இப்போதே எடுத்துப் போ என்று கௌதாரி கெஞ்சும். கெஞ்சினால் மறுக்க முடியாது. முயலுக்கோ உடம்பெல்லாம் வலி.

"சும்மா குச்சிதான் அக்கா. வெயில் தாழ வந்து எடுத்துட்டுப் போயிடறேன்."

"நீ சொன்னா சரி தம்பி" என்றது கௌதாரி. குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது.

முயல் வீட்டுக்குப் போய் நாலு அறுகம்புல்லைக் கடித்தது. சற்றே கண்ணை மூடியது. விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. குளக்கரை மேல் மேஸ்திரி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சிவப்புத் துணிகளை எண்ணிக் கொண்டிருந்தார். நாலு இருந்தது. எங்கே இருந்தது என்று பார்க்காமலே திரும்பிப் போய்விட்டார். அவர் போன பிறகாவது முயல் எழுந்திருக்கக் கூடாதா? எழுந்திருக்கவில்லை. "கௌதாரியக்காவுக்கென்ன, சிறகு இருக்கு. பறந்துட்டுப் போறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தது. அக்காவுக்குச் சிறகு இருந்தது. நாலு நாள் குஞ்சுகளுக்கு எங்கே இருந்தது?

பொழுது விடிந்தது. பட்டணத்துக்காரர்கள் சத்தமில்லாமல் வந்து முளைகளுக்குப் பின்னால் நின்றார்கள்.

"என்னய்யா இது, நாலு பேரையும் ஒரே இடத்துல நிறுத்தியிருக்கான்!" என்று முணுமுணுத்தார் ஒருவர்.

"இங்கேதான் நிறைய வரும்போல. பேசாம நில்லுங்க!" என்றார் இன்னொருவர்.

மேற்கே தகரச் சத்தம் கிளம்பியது. டம டம டம! காடே அதிர்ந்தது. பன்றி தன் தடத்தில் பாய்ந்தது. அங்கே யாரும் இல்லை. மான் தன் தடத்தில் தாவியது. அங்கேயும் யாரும் இல்லை. முயலும் தப்பியது. மூன்றும் குளத்துக்கு அந்தப் பக்கம் போய் மூச்சு வாங்கின.

"பார்த்தீங்களா என் யோசனையை!" என்று முயல் குதித்தது. "ஒரு குண்டாவது வெடிச்சுதா?"

புதருக்குள் கௌதாரி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு, மேற்கே பார்த்தபடி அசையாமல் கிடந்தது. அடர்ந்த புதர்; கிழக்கே வந்து நின்றவர்கள் அதன் கண்ணில் படவில்லை. தகரம் நெருங்கியது. தகரம் தட்டி வந்தவர்களின் கால்கள் தெரிந்தன. இன்னும் நாலு எட்டு வைத்தால் குஞ்சுகள் மிதிபட்டுவிடும்!

"கண்ணுங்களா, நான் வந்து கூப்பிடற வரைக்கும் யாரும் மூச்சுவிடக் கூடாது. என்ன நடந்தாலும் வெளியே வரக் கூடாது. தெரிஞ்சுதா?"

"சரிம்மா" என்றன ஆறும்.

ஆட்களின் கண்ணைத் தன் பக்கம் திருப்ப வேண்டும், பிறகு சுற்றி வந்து குஞ்சுகளிடம் சேர வேண்டும். இதுதான் கௌதாரியின் கணக்கு. எந்தப் பக்கம் பறப்பது? கிழக்கே பயமில்லை. அங்கே சும்மா குச்சிகள்தானே! தம்பி சொல்லியிருக்கிறதே!

படபடவென்று எழும்பியது. நாலு துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன.

"நாலு பேர் வந்து ஒரே ஒரு கௌதாரியா!" என்று சிரித்துக்கொண்டே அதைக் காலைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள்.

குளத்துக்கு அந்தப் பக்கம் முயலின் குதிப்பு நின்றுவிட்டது. அது ஓடி வந்தது. புதரடியில் நாலு இறகு கிடந்தது.

"குஞ்சுகளா! செல்லங்களா! வெளியே வாங்க. நான்தான், முயல் மாமா!"

சத்தமே இல்லை.

"ஆபத்து போயிடுச்சு. வந்துடுங்கடா!"

உள்ளே ஆறு ஜோடிக் கண்கள் தெரிந்தன. ஒன்றும் அசையவில்லை. அவை அம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தன. முயல் கௌதாரி மாதிரி கூவிப் பார்த்தது. கீச்சென்று என்னவோ வந்தது. அது அம்மா குரல் இல்லை என்று நாலு நாள் குஞ்சுக்குத் தெரியாதா?

மாலையில் பன்றியும் மானும் வந்தன.

"நான் ஒரு முளையைத்தானே நகர்த்தினேன்" என்றது பன்றி.

"நான் இங்கே கொண்டுவரவே இல்லையே" என்றது மான்.

சொல்லிக்கொள்ள முயலுக்கும் ஒரு காரணம் இருந்தது, பல் வலி. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. புதர்வாயில் தலையை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது.

மறுநாள் பசி தாங்காமல் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. மற்ற நாலும் உயிர் பிரியும்வரை அம்மா பேச்சைத் தட்டவில்லை.

எல்லோரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய ஆபத்தை, என் பங்கு முடிந்தது என்று அடுத்தவர் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறவர்கள், கடைசி வாசலில் இருக்கும் எளிய உயிரைத் தங்கள் கையாலேயே கொல்கிறார்கள்.