வெல்லம் கசந்த நாள்

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் குருவுக்கு நாற்பது வயது. சீடர் மாசானத்துக்கு ஐம்பத்தெட்டு. மாசானம் குருவைச் சாமி என்பார். குரு மாசானத்தை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

சமையல் மாசானத்தின் பொறுப்பு. அந்த அடுக்களையில் குரு ஒரு வழக்கம் வைத்திருந்தார். குழம்பில் உப்புப் பார்க்கும் முன், சமைப்பவர் ஒரு துண்டு வெல்லத்தை நாக்கில் வைக்க வேண்டும். அது இனிக்காவிட்டால் கரண்டியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். இதற்கென்றே அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. ஆறு வருடமாக ஒருநாளும் வெல்லம் இனிக்காமல் போனதில்லை. அதனால் மாசானம் அந்த டப்பாவைத் திறப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

அன்று அமாவாசை. வெளியூர் ஆட்கள் அறுபது பேருக்குச் சாப்பாடு. குழம்பை இறக்கியதும் மாசானம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"சங்கிலி, வெந்தயத்த அள்ளிக் கொட்டிட்டியா? கசக்கு."

கூட வேலை பார்க்கும் சங்கிலியும் ருசி பார்த்தான். "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி."

கேலி பண்ணுகிறான் என்று மாசானத்துக்குப் பட்டது. அந்த மாதம் முழுக்க அவருக்கு அப்படித்தான் பட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்காவிட்டால் தன்மேல் வெறுப்பு. இந்த ஆட்களை என்னதான் செய்வது? அவர் அண்டாவை இழுத்துக்கொண்டு போய் வாழைமரத்தடியில் கவிழ்த்துவிட்டார்.

அறுபது பேரும் மோரை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். பந்தி முடிந்ததும் குரு அடுக்களைக்கு வந்தார். திட்டவில்லை. டப்பாவை எடுத்து ஒரு துண்டு வெல்லத்தை நீட்டினார்.

மாசானம் வாயில் போட்டார். மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

"எப்படி இருக்கு?"

"கசக்கு சாமி."

குரு அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "உடம்பு அனலாக் காயுது. தெரியலையா?"

"தெரியலை சாமி. குழம்புதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

வாழைத்தூரில் காக்காய்கள் பருப்பைக் கொத்திக்கொண்டிருந்தன. நல்ல குழம்பு. மாசானம் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாக்குக்கு வெல்லம் இருக்கு சாமி. மனசு கெட்டுக் கெடந்தா எதைத் தொட்டுப் பாக்க?"

குரு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்பவும் இனிக்கிறது எது அண்ணாச்சி?"

"மக கடுதாசிதான். வேற என்ன இருக்கு எனக்கு?"

"ஆமா. வந்தா நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டுவீங்க. முந்தாநாளுகூட ஒண்ணு வந்துச்சே. வாசிச்சுக் காட்டவே இல்லையே?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டார். மகள் செண்பகம் சிவகாசியில் இருக்கிறாள். தாய் இல்லாத பெண். வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு.

"என்ன எழுதியிருந்தா?"

"'அப்பா வந்தாத்தான் வளையல் போட்டுக்கிடுவேன்'னு எழுதியிருந்தா."

"வாசிச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அழைக்காம விட்டா ஊர் பேசுமேன்னு எழுதியிருக்கான்னு தோணுச்சு. நான் போய் என்ன செய்யப் போறேன்? சபையில ஒரு பாரம். நாலு தடவ வாசிச்சேன் சாமி. நாலு தடவையும் அப்படியேதான் தோணுச்சு."

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. கையில் மிச்சமிருந்த வெல்லத்தைப் பார்த்தார்.

குரு கேட்டார்: "பதில் எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"என்னன்னு?"

"வரலை, இனிமே எனக்கு எழுதவும் வேண்டாம்னு."

"எங்க அது?"

"காலையில தபால் பெட்டியில போட்டுட்டேன்." மாசானம் வாசல் பக்கம் பார்த்தார். மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது அவருக்கு நினைவிருந்தது. அப்போது அது வெறும் மணிச் சத்தம். "எடுத்துட்டுப் போயிட்டாங்க சாமி."

வெளியே சங்கிலி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு மணிக்குச் சிவகாசிக்குப் பஸ் இருக்கு" என்றார் குரு. "கஷாயம் போட்டுத் தாரேன். சங்கிலி கூட வருவான்."

"இந்த மூஞ்சியோடயா? காய்ச்சல் விடட்டும் சாமி. நிதானமா இன்னொரு கார்டு போட்டாப் போதாதா?"

குரு டப்பாவை மூடினார். மூடியை இரண்டு கையாலும் அழுத்தினார்.

"எங்க அம்மைக்கு நானும் இப்படி ஒரு கார்டு போட்டேன் அண்ணாச்சி. அது மூணாம் நாள் போய்ச் சேந்துட்டு. நான் போய்ச் சேர ஏழு வருஷம் ஆச்சு. வீடு பூட்டிக் கெடந்துச்சு."