கல்லுக்குப் பின்னால் ஆடிய துணி

இந்தப் புதிரில் ஆட்கள் மூன்று பேர், பரிசு ஒன்று. மூவரில் ஒருவன் நான். எவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகிற போக்கில் கதையை என் பக்கமாகச் சாய்த்துவிடுவேன். என் பெயர் ஆவுடையப்பன். அரசுப் பொறியாளன்.

கரிசல் காட்டில் ஓர் ஊர். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரசவ அறை கட்ட வேண்டும் என்று என்னை வரையச் சொன்னார்கள். நாளுக்கு நாலு தடவை கரண்ட் போகிற ஊர். ஆகவே மேற்குச் சுவரில், வாசலை ஒட்டி, வேப்பமர நிழல் விழும் இடமாகப் பார்த்து, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி வைத்தேன். மேல்காற்று அதன் வழியாக நுழையும். சூடு கூரையடித் துளைகளில் வெளியேறும். கரண்ட் இல்லாவிட்டாலும் பிள்ளை பெற்றவளுக்குப் புழுங்காது. அதை வரைந்த நாளில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

கட்டடம் முடிகிற நேரத்தில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. திட்டத்துக்குப் பெயர் மாறியது. சிக்கனம் என்று சொல்லி ஜெனரேட்டரை வெட்டினார்கள். இனி அந்த அறைக்கு ஜாலியை விட்டால் கதியில்லை. திறந்துவைக்கப் புது அமைச்சர் வருகிறார், அவர் பெயரில் கல்வெட்டு வேண்டும். வாசலுக்கு வலப்பக்கம், அடிக்கல் நாட்டிய பழைய அமைச்சரின் கல் இருந்தது. அதை எடுத்தால் வம்பு. புதுக் கல்லை அதற்குக் கீழே வைத்தால் பெரிய வம்பு. இடப்பக்கம் மிச்சமிருந்தது ஜாலி மட்டும்தான்.

கோப்பு என்னிடம் வந்தது. “ஜாலிமேல் கல் பதிக்க ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதே வரைபடத்தில் இன்னும் பதினோரு ஊர்களில் கட்ட வேண்டும்; அந்த உத்தரவு அமைச்சர் மேசையில் கிடந்தது. ஒன்று போனாலும் பதினொன்று பிழைக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அங்கே நர்ஸாக இருந்த ஜெபக்கனி என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“சார், அதை அடைச்சா உள்ள படுத்திருக்கவ அவிஞ்சு போவா. நீங்கதான சார் வரைஞ்சீங்க?”

“மேலிடத்து உத்தரவும்மா” என்றேன், கோப்பைப் பார்த்தபடி.

அவர் மேலே மனுப் போட்டார். ஒரே வாரத்தில் மலையடிவார ஊருக்கு மாற்றல் வந்தது.

விழா முடிந்தது. கல்லைச் சுற்றித் திரையும் மாலையுமாக இருந்ததால் நான் சரியாகப் பார்க்கவில்லை. அதன்பின் வெட்கத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு வருஷம் கழித்து, இயற்கைக் காற்றோட்டக் கட்டடங்களுக்குப் பரிசு கொடுக்கும் குழு வந்தது. கோடை மத்தியானம், கரண்ட் இல்லை. ஆனாலும் அறை குளுகுளுவென்று இருந்தது! ஓடிப்போய்ப் பார்த்தேன். கல் சுவரில் ஒட்டவில்லை. நான்கு இரும்புத் தாங்கிகளில் ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் ஜாலியில் கட்டியிருந்த காயக்கட்டுத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“இது என்ன துணி?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

“காற்றோட்டத்தைச் சோதிக்க நாங்கள் கட்டியது” என்றேன். கொஞ்சங்கூடத் தடுமாறாமல் சொன்னேன். பரிசு என் பெயருக்கு வந்தது.

கல்லை நிறுத்திய கொத்தனார் சவரிமுத்துவைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“நர்ஸம்மா ஊரை விட்டுப் போற அன்னிக்கு அந்தத் துணியைக் கட்டி, ‘அண்ணாச்சி, இது ஆடணும்’னாங்க. கல்லை ஒட்டிப் பிடிச்சேன், துணி நின்னுபோச்சு. ஒரு சாண் தள்ளிப் பிடிச்சேன், ஆடுச்சு. அங்கனயே வச்சிட்டேன்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா ஒட்டச் சொல்லுவீங்களே சார்.”

ஜாலியை வரைந்தவன் நான். அதற்காக வாதாடி ஊரை இழந்தவர் ஜெபக்கனி. உத்தரவுக்குக் கீழ்ப்படிவதுபோல் நின்று காற்றைக் காப்பாற்றியவர் சவரிமுத்து. வாசகர்களே, இந்தப் பரிசு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: நான் சவரிமுத்துவிடம் நீட்டினேன், “துணி கட்டுனது அந்தம்மா” என்று கையைக் கட்டிக்கொண்டார். மலையடிவாரத்துக்குப் போய் ஜெபக்கனியிடம் நீட்டினேன். “கல்லைத் தள்ளி வச்சது அண்ணாச்சி” என்றார். எனக்கு உரியது என்று இருவரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆகப் பரிசு அவர்கள் இருவருக்கும் உரியது. ஆனால் கிளம்பும்போது ஜெபக்கனி ஒன்று கேட்டார்: “மத்த பதினோரு ஊர்லயும் துணி ஆடுதா சார்?” ஆடவில்லை. பதினொன்றையும் கட்டிவிட்டார்கள். என் கையெழுத்தை முன்மாதிரியாகக் காட்டி, பதினொன்றிலும் ஜாலிமேல் கல்லை ஒட்டிப் பதித்துவிட்டார்கள். பரிசைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.