கோழிக்குப் போட்ட மருந்து

கோழிப்பண்ணை மயில்சாமி தும்மினால் ஊரே எழுந்து நிற்கும். அன்று அவர் தும்மிக்கொண்டே டாக்டர் நிலோஃபரின் கிளினிக்குக்கு வந்தார். கட்டடம் அவருடையது.

"வெறும் ஜலதோஷம்தானுங்க, தானா சரியாயிரும்," என்றாள் நிலோஃபர்.

"இருக்கறதுலயே வீரியமான ஆன்டிபயாடிக்கா எழுதும்மா. இல்லேன்னா கட்டடத்தைக் காலி பண்ணு."

அவள் பேனாவை எடுத்தாள். "எழுதறனுங்க. உங்க கோழிக்குச் சளி புடிச்சா என்ன போடுவீங்க?"

மயில்சாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "புடிக்கிற வரைக்கும் உடுவனா? தீவனத்துலயே தினமும் ஆன்டிபயாடிக் கலந்துருவேன்."

"அந்த மருந்து இப்பவும் கேக்குதுங்களா?"

"எங்க கேக்குது! கிருமிக்கெல்லாம் மருந்து பழகிப்போச்சாம். மருந்தை மாத்தி மாத்திப் போடறேன், கொத்துக்கொத்தாச் சாவுது."

"அப்ப உங்களையும் அந்தக் கோழி மாதிரியே ஆக்கிரட்டுங்களா?"

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மயில்சாமி முகம் கறுத்து எழுந்தார். அப்போது திரைக்குப் பின்னால் யாரோ நெஞ்சு கிழிய இருமினார்கள். விலக்கிப் பார்த்தார். அவர் பண்ணையில் தீவனம் கலக்கும் செங்கோடன், நிமோனியா முற்றி, ஆம்புலன்சுக்காகக் காத்து, மூச்சிரைத்துக் கிடந்தான்.

"இவனுக்காச்சும் அந்த வீரியமான மருந்தைப் போடும்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"போட்டாச்சுங்க," என்றாள் நிலோஃபர். "உங்க கோழிக்குக் கேக்காதது இவருக்கும் கேக்கல."